இறங்கு துறைமுகம்

படிவத்தின் பதினொன்றாம் கட்டத்தில்
‘இறங்கு துறைமுகம்’ என்றிருக்கிறது.
அவர்கள் நாட்டுக்குத் துறைமுகம் கிடையாது.
காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கம் போகாது.
முதல் தடவை ஒரு கோடு போட்டேன்.
ஏற்கவில்லை.
கோடு ஓர் ஊர் இல்லையாம்.

சோல்பான் வந்தது மாசியில்.
கிர்கிஸ்தான்: மலை, பனி,
எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுத்தவர் வாசல்.
முதலாளி கலிவரதன்
முந்திரியைத் தட்டுகளில் பரப்பினார்,
இருநூற்று நாற்பது, முந்நூற்று இருபது, பாதி, உடைசல்.
அவள் கை உடைசலுக்குத்தான் போனது.
“எங்கள் ஆட்கள் வாங்கப்போவது இதை.
முழுசு கல்யாணத்துக்கு.”
முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னாள்,
அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும்
ஒன்றையொன்று கைபிடித்து நடந்தன:
“எனக்குப் பன்னிரண்டு வயதுவரை
விலையை எங்கோ அச்சடித்து அனுப்புவார்கள்.
ரொட்டிக்கு முன்னால் ரொட்டியின் விலை வந்துவிடும்.
ஒரு நாள் வரவில்லை.
பால்பண்ணையில் அப்பாவுக்குச் சம்பளமாக
நாற்பது அலுமினியக் குடம் கொடுத்தார்கள்.
சந்தையில் போய் நின்றார்.
என்ன விலை என்றவர்களிடம்
மூன்று நாளும் ‘தெரியாது’ என்றார்.
நாலாம் நாள் அம்மா போய் நின்றாள்.”
கலிவரதன் விழுந்து விழுந்து சிரித்தார்.
எங்கள் கணக்கைத் தணிக்கை செய்வது
அவர் சம்சாரம்.

மாலையில் முதுநகர் கூட்டிப்போனேன்.
உப்பனாற்று வாயில் மணல்மேடு,
துருப்பிடித்த தோணி,
அதன்மேல் கால் நீட்டி ஒரு நாய்.
“சரக்கு இங்கிருந்தா ஏறும்?”
“சென்னையில்.”
“எவ்வளவு தூரம்?”
“நூற்றெண்பது கிலோமீட்டர்.”
“கடல் இங்கேதானே இருக்கிறது”
என்று விரல் நீட்டினாள்,
யாரோ பெட்டியை மாற்றி இறக்கிவிட்டதுபோல.
ஆழம் போதாது, வாரவேண்டும், டெண்டர்
என்று அலுவலகப் பதில் ஒன்று என்னிடம் உண்டு.
சொல்ல வாய் வரவில்லை.

கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.
எந்தச் சாவடியில் எத்தனை மணி நேரம்,
யார் தேநீர் குடிக்கப் போயிருந்தார்,
எந்த முத்திரைக்கு மை தீர்ந்திருந்தது,
எல்லாம் பென்சிலில்.
பந்தர் அப்பாஸ்வரை கடலில் பன்னிரண்டு நாள்.
அப்புறம் லாரி. மூன்று எல்லைகளில்
நிற்பது மட்டும் பதினாறு நாள்.
“மலையைக் கடந்துவிடலாம். சாலை நன்றாக இருக்கிறது.
மேசைகள்தான் அதிகம்.
ஒரு மேசை குறைந்தால்
கிலோவுக்கு நாலு ரூபாய் குறையும்.”
பிறகு செருப்பைக் கழற்றினாள்.
அலையில் நின்றாள்.
ஒரு வாய் அள்ளிப் பார்த்துத் துப்பினாள்.

பெட்டி கிளம்பியது ஐப்பசியில்.
அடைமழை, மின்சாரம் போய்ப் போய் வந்தது.
அஞ்சலாட்சி பைகளின் வாயை ஒட்டும்போது
புழுக்கம் தாங்காமல்
கிழக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தோம்.

தையில் சோதனைச்சாலை அறிக்கை வந்தது.
ஈரப்பதம் ஐந்து சதவீதம் இருக்கலாம்.
இருப்பது ஐந்து புள்ளி நான்கு.
விலையில் இரண்டு சதவீதம் தள்ளவும்.
“நம் ஊர்க் காற்றுக்கு நான் அபராதம் கட்டுவதா?”
கலிவரதன் அறைக்குள் நடந்துகொண்டிருந்தார்.

நான் அந்தப் புள்ளி நான்கையே பார்த்திருந்தேன்.
சிங்காரத்தோப்புப் பக்கமிருந்து வந்த காற்று அது.
பையோடு பையாக ஏறி
மூன்று எல்லை, பதினேழு முத்திரை,
ஒரு மேசையும் நிறுத்திக் கேட்கவில்லை.
அவர்கள் நாட்டுக்குள்
கடல் போயிருக்கிறது,
பட்டியலில் பெயர் இல்லாமல்,
தீர்வை கட்டாமல்.

தள்ளுபடிச் சீட்டை அடித்தேன்.
பதினொன்றாம் கட்டத்தில் வழக்கம்போல்
பந்தர் அப்பாஸ்.

அடுத்த பெட்டிக்கு
உடைசல் ஐந்து டன் கேட்டிருக்கிறாள்.
கதவைச் சாத்திவிட்டு ஒட்டவேண்டுமாம்.