பதினாலு நிமிடம்

சார்ஜாவில் ஜூன் மாதம்.
ஏசி பதினெட்டில். நான் சால்வை போர்த்தியிருந்தேன்.
பினோய் சேட்டன் அனுப்பிய வேலைச்சீட்டில்
இரண்டே வரி:
உள்ளே வரும் நேரத்தை அடுத்த கால்மணிக்கு ஏற்று.
வெளியே போகும் நேரத்தை முந்தைய கால்மணிக்கு இறக்கு.

ஆறு ஒன்றுக்கு விரல் வைத்தவன்
ஆறேகாலுக்கு வந்தவன் ஆவான்.
ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு விரல் எடுத்தவன்
ஐந்தேமுக்காலுக்கே போய்விட்டவன்.

நாற்பது நிமிட வேலை.
முப்பத்தைந்தில் முடித்தேன்.
சோதித்துப் பார்த்த நிலோஃபர்
பச்சை டிக் போட்டாள்.
"கேட்டது அப்படியே வருதுடி."
கேட்டது அப்படியே வந்தது.
நான் நல்ல புரோகிராமர்.

தயிர்சாதம் சாப்பிட்டபடி
சும்மாதான் கணக்குப் போட்டேன்.
காலையில் பதினாலு, மாலையில் பதினாலு.
சஜா முகாமில் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
எல்லாரும் அப்படி அகப்பட்டால்
ஒரே நாளில்
எண்பத்து மூன்று நாள் காணாமல் போகும்.
டப்பாவைக் கழுவி வைத்தேன்.
திருட்டு என்று சொல்லவில்லை, ரவுண்டிங் என்றேன்.
வட்டத்துக்கு மூலை கிடையாது.
அதிலும் ஒளிந்துகொள்ள முடிந்தது.

ஆகஸ்டில்,
மெஷின் விரலை வாங்க மாட்டேன் என்கிறது என்று
என்னையே முகாமுக்கு அனுப்பினார்கள்.
வேலை முடிந்து பஸ்கள் வந்து நின்ற நேரம்.
வரிசையில் முதலில் பெரியாண்டவன்.
அரியலூர்ப் பக்கம்.
"அங்கயும் சிமெண்டுதான் மேடம், இங்கயும் சிமெண்டுதான்."
கட்டைவிரலில் ரேகை என்று ஒன்றும் இல்லை,
தேய்ந்த ரூபாய் மாதிரி வழவழவென்றிருந்தது.
நாலு தரம் அழுத்தினார்.
பிறகு விரலைத் தலையெண்ணெயில் தேய்த்து
ஐந்தாவது தரம்.
டிங்.
ஐந்து ஐம்பத்தெட்டு.
"விழுந்துடுச்சு மேடம்!"
நான் ஏதோ தானம் செய்ததுபோல் சிரித்தார்.
விழுந்தது.
பதின்மூன்று நிமிடம்.

அவர் திரும்பி நடந்தபோது
சட்டை முதுகில் உப்பு
ஒரு நாட்டின் வரைபடம்போல் வெளுத்திருந்தது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
மாதம் பிறந்தால் என் கணக்கில் சம்பளம் விழுகிறது.
அதில் உப்பிட்டவர் யார்
என்று அதுவரை யோசித்ததில்லை.

படியில் அளக்கையில்
கட்டைவிரலை உள்ளே நுழைக்கும் கடைக்காரனை
ஊரே ஏசும்.
விரல் தெரிகிறதே, ஏசலாம்.
இங்கே
அவர் விரல் மெஷினுக்கு மேலே,
என் விரல் படிக்கு உள்ளே.

அன்றைக்கே வேலையை உதறினேன் என்று எழுத ஆசைதான்.
உதறவில்லை.
தாம்பரம் பிளாட்டுக்கு இன்னும் பதினோரு வருஷத் தவணை,
விசாவில் கம்பெனி பெயர்.
ராத்திரி ஒரு காரியம் செய்தேன்.
குறைத்த நேரத்துக்குப் பக்கத்திலேயே
ஒரு புது நெடுவரிசை: அசல் நேரம்.
விரல் பட்ட நொடி, பட்டபடியே.
யாரும் கேட்காதது. யாருக்கும் சொல்லாதது.
தைரியமா அது?
திருடிவிட்டு ரசீது எழுதி வைப்பதா?
இன்னும் தெரியவில்லை.

இன்று காலை வந்த சீட்டில் ஒரே வரி.
அசல் நேரம் என்ற நெடுவரிசையை அழிக்கவும்,
இடத்தை அடைக்கிறது.
போன வாரம் யாரோ லேபர் ஆபீஸ் போனதாகக்
கேன்டீனில் பேச்சு.

நான் பதில் எழுதினேன்:
இதைக் கேட்பது யார்,
எதற்காக,
பெயர் போட்டு எழுதித் தரவும்.

மாலைவரை பதில் இல்லை.
பிறகு பினோய் சேட்டனே எழுந்து வந்தார்.
உட்காரவில்லை.
நல்ல மனுஷர், போன ஓணத்துக்குப் பாயசம் தந்தவர்.
"இதெல்லாமா எழுத்துல வேணும்?"
"வேணும்."
குரல் பிசிறிவிட்டது.
மறுபடி ஒரு தரம் சொன்னேன், வேணும்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
ஐந்து ஐம்பத்தெட்டு.

எங்கள் மாடியில்
விரல் வைக்கும் மெஷின் கிடையாது.