வாணலி அவளோடு போனது

வால்பராய்ஸோ. குன்றின்மேல் மூன்றாம் மாடி.
மிரேயா போகும்போது வாணலியை எடுத்துக்கொண்டாள்;
அவள் வாங்கியது, நியாயம்தான்.
மிஞ்சியது ஓர் ஆழமான பானை, அதன் மூடி,
பிடி உடைந்த தேநீர் வடிகட்டி.

இரவெல்லாம் துறைமுகத்துக் கிரேனில்
உட்கார்ந்துவிட்டு வந்த எவரிஸ்தோவுக்குப் பசி.
முட்டை நான்கு. எண்ணெய் இல்லை, வெண்ணெய் இல்லை.
குழாயில் தண்ணீர் மட்டும் கேட்டவுடன் வருகிறது.

முள்கரண்டியால் அடித்தான்,
வெள்ளை எது மஞ்சள் எது என்று தெரியாமல் போகும்வரை.
தண்ணீர் தளதளத்தது. கரண்டியால் ஒரு சுழற்று.
சுழியின் நடுவே ஊற்றினான்.

போச்சு.
சோப்பு நுரைபோல் ஒரு வெளுப்பு.
நான்கு முட்டையும் ஆற்றில் கரைத்த புளி.

மூடியைப் போட்டான், பார்க்கச் சகிக்காமல்தான்.
இருபதுவரை எண்ணலாம் என்று தொடங்கி
பதினான்கில் கீழ்வீட்டு நாய் குரைக்க
மறுபடி பதினொன்றிலிருந்து.

திறந்தால்
தண்ணீர் தெளிந்து கிடக்கிறது.
மேலே, யாரோ அவிழ்த்துப் போட்ட மஞ்சள் சால்வை.

வடிகட்டி சிறிசு. மூன்று நடையாய் அள்ளி
உப்புத் தூவி
நின்றபடியே தின்றான்.
பல்லுக்கு வேலையே இல்லை.
இதை யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது.
ஜன்னலுக்கு வெளியே கடல்;
அதற்கு முட்டை பிடிக்குமோ என்னவோ.

போன் அடித்தது.
அவள்தான். நலமா என்றெல்லாம் கேட்கவில்லை.
‘வாணலியில் முட்டை அடிப்பிடித்துவிட்டது.
சுரண்டச் சுரண்ட வரமாட்டேன் என்கிறது.’

பானையைப் பார்த்தான்.
இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

‘சுரண்டாதே,’ என்றான்.
‘தண்ணீர் ஊற்று.
கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிடு.’