சிவப்பின் மேல் சிவப்பு

பத்தூமியில் மழை விடாத மார்ச்.
மாலுமித் தேர்வுக்கு நாற்பது நாள்.
கப்பல் விளக்குகள் மனதில் நிற்கவில்லை எனக்கு.
அட்டை வெட்டினேன், நானூற்றுப் பன்னிரண்டு.

வெள்ளைத் தொப்பிக்குக் கீழே சிவந்த மூக்கு:
வழிகாட்டிப் படகு.
சிவப்பின் மேல் சிவப்பு:
கட்டுப்பாடு இழந்த கப்பல்.
அதன் பின்புறம் எழுதினேன்,
சாச்சா குடித்த அவ்தாந்தில் மாமாவின் கண்கள்,
ஒன்று மேலே ஒன்று கீழே,
மேசைமீது தலை சாய்ந்திருப்பதால்.

கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.
முதல் அட்டையில்
எனக்குத் தெரிந்த சட்டம் முழுவதும் இருந்தது:
எடுத்துக்கொள்ளுங்கள். திருத்துங்கள்.
என் பெயரைச் சொல்லுங்கள். விற்காதீர்கள்.

போத்தியிலிருந்து ரெஜீப் என்றொருவன் எழுதினான்:
"மூடுபனியில் நங்கூரமிட்ட கப்பல்
நிமிடத்துக்கு ஒருமுறை மணியடிக்க வேண்டும்.
இரண்டு நிமிடம் என்று போட்டிருக்கிறாய்.
எவனாவது வந்து மோதப்போகிறான்."
காது சுட்டது.
அன்றிரவே திருத்தி, அவன் பெயரையும் சேர்த்தேன்.

மூன்றாம் அதிகாரியாய் முதல் பயணம் முடிந்து
விடுப்பில் இறங்கியபோது
ரயில் நிலையத்துக்கு எதிர்க்கடையில் பார்த்தேன்.
பளபள அட்டை. நாற்பத்தைந்து லாரி.
தொகுத்தது ஆசிரியர் குழு.
எழுபத்திரண்டாம் பக்கத்தில்
தலை சாய்ந்து கிடந்தார் என் மாமா.

மனிதர் போன ஈஸ்டரோடு குடியை விட்டுவிட்டார்.
அவர் கேட்டுக்கொண்டபடி
என் அட்டையில் வேறு யாரோ குடிக்கிறார்கள்.
இங்கே மூன்றாம் பதிப்பிலும் தெளியவில்லை அவருக்கு.
மணியும்
இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறைதான் அடிக்கிறது.

முகப்பைப் புரட்டினேன்:
இந்நூலின் எப்பகுதியையும்
எழுத்து மூலமான அனுமதியின்றி நகலெடுத்தல் குற்றம்.
வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
கடைக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

பதிப்பகத்தில் ஒரு மரியாதையான குரல்.
"நீங்கள் சும்மா கொடுத்ததுதானே, கல்பத்தோனோ?
காகிதம், மை, தையல், லாரிக் கூலி,
இதெல்லாம் யார் சும்மா கொடுத்தார்கள்?"

வாயில் பதில் இருந்தது, வரவில்லை.
அந்த விளக்குப் படங்களை
வகுப்புச் சுவரில் தொங்கிய பழைய ரஷ்யப் படத்தின்மேல்
மெல்லிய தாள் வைத்து வரைந்தவள் நான்.
அதன் வலது மூலையில்
யாரோ ஒருவரின் கையெழுத்து இருந்தது.
அதை மட்டும் வரையவில்லை.

மறுநாள் பேனாவோடு போனேன்.
அலமாரியில் ஏழு பிரதிகள்.
ஒவ்வொன்றாய் இறக்கி
இரண்டை அடித்து ஒன்று என்றெழுதினேன்,
ஓரத்தில் ரெஜீப் பெயரை.
நாலாவதில் கையைப் பிடித்தாள் கடைக்காரி.
"விற்கிற பொருளில் கிறுக்குகிறாயே,
இது என்ன உன் புத்தகமா?"

நாலுக்கும் பணம் கட்டச் சொன்னாள்.
கட்டினேன். நூற்றெண்பது லாரி.
மீதி மூன்றும் அலமாரியில் இருக்கின்றன,
இரண்டு நிமிடத்தோடு.