ஒரு லென்ஸ் மட்டும்

புறக்கோட்டையில் விலை பேசிப் பேசி
கடைசியில் அவன் சொன்ன விலைக்கே வாங்கினேன்.
கறுப்பு. ஒரு வார். மூன்று சிப்.
அதில் ஒன்று முதல் நாளே
துணியைக் கடித்துக்கொண்டு வாய் திறக்க மறுத்தது.

பழைய முதுகுப்பை அலுமாரிக்கு மேலே.
பதினொரு வருடம் என் தோளில் தொங்கி
என்னை ஒரு பக்கம் சரித்தே விட்டது அது.
"இடப்பக்கம் அரை அங்குலம் பதிவு, சேர்"
என்றார் அளவெடுத்த தையல்காரர்.

இதற்குள் கமெரா கொள்ளும், அதன் வாயில் ஒரு லென்ஸ்.
மற்ற லென்ஸ் மேசையில்
மூடி போட்டபடி கோபித்துக்கொண்டு இருக்கிறது.
மேலதிகமாய் ஒரு பற்றரி.
ஐந்து மீற்றர் அளவு நாடா, அது தொழில்.
அடையாள அட்டை, அது பழக்கம்.
வீட்டுத் திறப்பு, லேஞ்சி, பஸ்ஸுக்குச் சில்லறை,
எனக்குத் தெரியாமல் சுகிர்தா வைக்கும்
இரண்டு பனடோல்.
எனக்குத் தெரியும்.

குடை கொள்ளாது.
"மழை வந்தால்?" என்றாள்.
"கமெரா நனையாது."
"நான் கமெராவைக் கேட்கேல்லை."

மோதுண்ட வாகனங்களைப் படமெடுப்பது என் வேலை.
காப்புறுதிக் கொம்பனிக்கு
நெளிந்த கதவு நாலு கோணத்தில் வேண்டும்,
இலக்கத் தகடு தெளிவாய் வேண்டும்.
காயம்பட்டவர்கள் வேறு மேசை.

இன்று தெமட்டகொடை கராஜ் ஒன்றில்
உடைந்த கண்ணாடித் தூளுக்குள்
குழந்தையின் செருப்பு, ஒற்றை.
தூரத்து லென்ஸ் கையில் இருந்த காலமென்றால்
நின்ற இடத்திலிருந்தே முடித்திருப்பேன்.
இப்போது கிட்டப் போகவேண்டும்.
போனேன், முழங்காலில் இருந்தேன்.
படம் எடுக்கவில்லை.
செருப்பை எடுத்துத் தூசி தட்டி
முன்னிருக்கையில் வைத்தேன்.

பின்னேரம், பம்பலப்பிட்டியில் நூறாம் இலக்க பஸ்.
என் ஒரு கால்தான் ஏறியது,
மிச்சத்தைப் பின்னால் வந்தவர்கள் ஏற்றினார்கள்.
பையை முன்னுக்கு இழுத்து வயிற்றோடு அணைத்தேன்.

ஒரு காலம் இதே வீதியில்
பெரிய பை என்றால் பெரிய கேள்வி,
கமெரா என்றால் அதற்கு மேலும் ஒன்று.
அப்போது வெறுங்கையோடு போகப் பழகியிருந்தேன்.
அடையாள அட்டைக்குப் பை தேவைப்படவில்லை,
அது கையிலேயே இருந்தது.

ஜன்னலோரம் இருந்தவள் கை நீட்டினாள்.
தாதிச் சீருடை, வெள்ளைச் சப்பாத்து.
இருப்பவர் நிற்பவரின் சுமையை மடியில் வாங்குவது
இந்த ஊர் பஸ்களின் வழக்கம்.
அவள் மடியில் ஏற்கெனவே
யாருடையதோ பாடசாலைப் பை, ஒரு றாத்தல் பாண்.
இந்தப் பையை நான் எவரிடமும் கொடுத்ததில்லை.
வார் காதில் மாட்டி, மூக்குக் கண்ணாடி கழன்று,
ஒருவழியாய்க் கொடுத்தேன்.

பாரத்தில் திடுக்கிட்டு,
"கல்த?" என்றாள் சிங்களத்தில்.
"கல்" என்றேன்.
எந்த மொழியில் சொன்னேன் என்று
பஸ் வெள்ளவத்தைப் பாலம் கடந்தும் விளங்கவில்லை.

ஒவ்வொரு குறுக்குத் தெருவின் முடிவிலும்
கடல் ஒரு கணம் வந்து போனது.
வரும்போதெல்லாம் அவள் கைகளில் வெயில்.
பாணுக்கு மேல் ஒரு கை,
பைக்கு மேல் ஒரு கை,
அவள் தூங்கியிருந்தாள்.
இந்த வருடத்தின் படம் அதுதான்.
கமெரா
படத்துக்குள்ளே இருந்தது.

தெஹிவளையில் தட்டி எழுப்பி வாங்கிக்கொண்டேன்.
வீட்டு வாசலில் திறப்புக்காகத் தடவினால்
கடித்துக்கொண்டிருந்த சிப் இலகுவாய் ஓடியது.
சிக்கிய துணியை எப்போதோ
மெல்ல இழுத்து விடுவித்திருக்கிறாள்,
தூங்குவதற்கு முன்னமோ பிறகோ.
திறந்தேன். மூடினேன். திரும்பவும் திறந்தேன்.

"என்ன தேடுறீங்கள்?"
உள்ளிருந்து சுகிர்தா.
"குடையோ?"