பதினான்கு நாள் பொய்

மூட்டைக்கு இரண்டு கைப்பிடி.
குவிக்காமல், தட்டையாக.
ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டின்
தோலை மட்டும் பிரித்துக் காயவைத்த பொடி.
உயிரில்லை, நஞ்சில்லை.
மீனெண்ணெய் தெளித்துத் தீவனத்தோடு புரட்டினால்
முழங்கைவரை
நேற்றுக் குடித்தவன் வாடை.

ஹம்பெலித் தீவுகளில் நீர் வற்றத் தொடங்கும் நேரம்
ஐந்தாம் குளத்துக்குள் தோணியைத் தள்ளுகிறேன்.
நின்றபடியே வீசுகிறேன்.
வீசும்போது சொல்வேன்:
வந்துட்டான், எழுந்திருங்க.

யாரும் வரவில்லை.
பொடிக்குப் பூஞ்சையின் முகஜாடை,
அவ்வளவுதான் விஷயம்.
இறாலின் உள்ளே அதைத் தொட்ட முதல் அணு
பகைவனென்று பதறி
அடுத்ததை உலுக்கும்.
நிறமே இல்லாத ரத்தம்
(காற்றுப் பட்டால் கொஞ்சம் நீலம்)
கதவைச் சாத்தும், கம்பைத் தேடும்,
இல்லாத ஆளுக்காகத் தெருவில் இறங்கி நிற்கும்.
அந்த நேரம் பார்த்து
இருக்கிற ஆள் வந்தால்
மாட்டிக்கொள்வான்.

அம்மை போட்டு இறங்கிய பிள்ளையின் உடம்பு
அம்மையை மறப்பதில்லை.
இறாலிடம் அப்படியொரு பேரேடு கிடையாது.
போன மாதம் கொல்ல வந்தவனின் பெயரை
இந்த மாதம் கேட்டால்
மீசையை ஆட்டும்.
போதாததற்குப் பௌர்ணமிப் பெருக்கில்
ஓட்டையும் கழற்றிப் போட்டுவிட்டு
சேற்றின்மேல் வெறும் சதையாய்ப் படுத்திருக்கும்.
ஆகையால் பௌர்ணமிக்கு முன்
பதினான்கு நாள் இந்தப் பொய்.

பதினைந்தாம் நாள் நிறுத்தியாக வேண்டும்.
ஆய்வகத்து அபெலார்தோ
சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறான்:
தொடர்ந்து கொடுத்தால் களைத்துவிடும்.
தினமும் புலி வருது என்றால்
ரத்தமும் ஒருநாள்
புரண்டு படுத்துக்கொள்ளும்.

முதலாளி எவரிஸ்தோ வலை வீசச் சொன்னார்.
பொடி தின்ற ஐந்தாம் குளத்தில் பன்னிரண்டே கால் கிராம்.
பொடி தின்னாத ஆறாம் குளத்தில் பன்னிரண்டு.
இரண்டிலும் துள்ளின, ஒன்றுகூட மங்கவில்லை.
"இந்தக் கால் கிராமுக்கா ஸுலேமா
இத்தனை டாலர்?"
என்ன சொல்வேன்.
அந்த மாதம் நோயே வரவில்லை,
ஆறாம் குளத்துக்கும்.
வராத விருந்தாளிக்கு
வாசலில் நின்றவளுக்கு
எந்தத் தராசில் கூலி நிறுப்பது?

வெள்ளைப்புள்ளி வந்த வருஷம் எனக்குப் பத்தொன்பது வயது.
முதலில் தெரிந்தது பறவைகளுக்கு.
விடியும்போது வரப்பெல்லாம் கொக்கு,
துணி காயப்போட்ட மாதிரி.
அழகாயிருக்கிறது என்று
லெயோவிகில்தோவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
இடுப்பளவு தண்ணீரில் இறங்கி
ஒன்றை எடுத்து ஓட்டை உரித்து
வெயிலுக்கு நேராகப் பிடித்தான்.
சுண்ணாம்பு தெறித்த மாதிரிப் புள்ளிகள்.
மூன்றாம் நாள் மண்வெட்டியால் அள்ளினோம்.
ஏழாம் மாதம் அவன்
ஸ்பெயினுக்கு எலுமிச்சை பறிக்கப் போனான்.
பணம் வந்தது.
பிறகு பணமும் வரவில்லை.

அன்றிலிருந்து இரவு இரண்டு மணிக்கு விழிப்பேன்.
காற்றுச் சக்கரம் நின்றால் விழிப்பேன்,
நிற்காவிட்டால்
ஏன் நிற்கவில்லை என்று விழிப்பேன்.
மச்சாலாவில் டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்து
"எதற்குப் பயப்படுகிறாய்?" என்றார்.
எதற்குமில்லை என்றேன், உண்மையைத்தான்.
எனக்கு யாரும் சிவப்பு மையில்
எழுதி ஒட்டவில்லை.

இன்று பதினைந்தாம் நாள்.
வெறும் தீவனம்.
கையில் வாடை இல்லாதது
மோதிரம் கழன்றது போலிருக்கிறது.
எதுவும் சொல்லாமல் வீசுகிறேன்.
உருண்டைகள் விழுந்த இடத்தில் தண்ணீர்
அம்மைத் தழும்பு போலக் குழிந்து
உடனே மறந்துவிடுகிறது.

மதகுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கு.
ஒன்றென்றால் பசி.
இருபதென்றால் சேதி.
தோணியைத் திருப்பும்போது
கழுத்தைத் திருப்பாமல் எண்ணிப் பார்க்கிறேன்.

ஒன்றுதான்.

தின்றுவிட்டுப் போகட்டும்.