கேட்பதற்கு முன்

ஹாம்ட்ராம்க். அறை எண் பதினொன்று. ஏழாம் வகுப்பு.
ஹீட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
பலகையில் எழுதியிருக்கிறேன்:
முதல் வரியிலேயே கோரிக்கை.
பிறகு காரணம் மூன்று. பிறகு சான்று.
கல்வி அலுவலகம் அனுப்பிய தாள் அப்படித்தான் சொல்கிறது,
பதினாறு வருடமாக நானும்.

இந்த மாதம் அரபுப் பழங்கவிதை.
எனக்கு அரபி தெரியாது.
போலிஷ் பேசும் வீட்டில் பிறந்தவள் நான்.
தொண்டைக்குள்ளிருந்து எழ வேண்டிய அந்த ஐன் எழுத்தை
நான் சொன்னால் முஸ்அப் மேசையில் நெற்றியை வைத்துக்கொள்வான்.
"மிஸ், நீங்கள் ஆட்டைக் கூப்பிடுகிறீர்கள்."

தஹ்மீத் பிசிறில்லாமல் வாசிப்பான்,
பொருள் தெரியாது. அவன் வீட்டில் வங்காளி.
சத்தம் அவனிடம், அர்த்தம் இப்திஹாலிடம்,
ஆங்கிலம் என்னிடம்.
மூன்று பேர் தள்ளினால் ஒரு வரி நகரும்,
பனியில் சிக்கிய கார் மாதிரி.

அந்தக் கவிதையில்
ஒருவன் ஒட்டகத்தை நிறுத்துகிறான்.
கூடாரம் இருந்த இடம்.
கரி பிடித்த அடுப்புக்கற்கள்,
மழை நீருக்கு வெட்டிய வாய்க்கால்,
காய்ந்த சாணம்.
அழுகிறான். அப்புறம் நெடும்பயணம், காற்று, நரி.
யாரிடம் என்ன கேட்க வந்தான் என்பதை
அவன் சொல்வதாகவே தெரியவில்லை.

"உங்கள் மார்க் தாளில் இவனுக்கு எவ்வளவு, மிஸ்?"
என்றாள் இப்திஹால்.
வகுப்பு சிரித்தது. நான் நிஜமாகவே கூட்டிப் பார்த்தேன்.
இருபதுக்கு ஆறு.

பிப்ரவரியில் கோனன்ட் தெருமுனையில்
பஸ் நிறுத்தத்தின் பெஞ்சையும் கூரையையும்
லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.
மார்ச்சில் கூட்டம். ஆளுக்கு இரண்டு நிமிடம்.
மேசைமேல் டைமர், முட்டை வேகவைக்கிற ரகம்.

முஸ்அப் போனான்.
கோரிக்கை, காரணம் மூன்று, சான்று.
ஒரு நிமிடம் பத்து வினாடி. அப்பழுக்கில்லை.
"நன்றி" என்றார்கள்.
ஒருவர் தண்ணீர் குடித்தார்.

இப்திஹாலுக்கு மைக் எட்டவில்லை. அண்ணாந்து பேசினாள்.
"கோனன்ட் முனையில் ஒரு பெஞ்சு இருக்கிறது."

இருந்தது என்று வர வேண்டும்.
செப்டம்பரிலிருந்து நான் திருத்திவரும் பிழை.

"கண்ணாடியில் விரிசல் இருக்கிறது,
அதன்மேல் யாரோ ஒட்டிய பேண்ட்-எய்ட் இருக்கிறது.
இடது மூலையில் என் அம்மா இருக்கிறாள்,
பேக்கரியில் இரவு வேலை முடிந்து.
உட்கார்ந்ததும் ஷூ நாடாவைத் தளர்த்துகிறாள்.
ஒரு கால். பிறகு இன்னொரு கால்.
பஸ் வரும்வரை கட்டுவதில்லை."

ஒவ்வொரு பிழைக்கும்
பெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தெருமுனைக்குத் திரும்பியது.
பலகை, கால்கள், கால்களுக்குத் துரு.

"நேற்றுப் போய்ப் பார்த்தேன்.
நான்கு போல்ட். ஒன்றில் சூயிங்கம்.
அம்மா கம்பத்தைப் பிடித்து நின்றபடி
ஒற்றைக் காலில்—"

டைமர் அலறியது.
அவள் எதையும் கேட்கவில்லை.
அறை கேட்டுக்கொண்டிருந்தது.

மேசையின் ஓரத்திலிருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள்.
"எந்த மூலை என்றாய்?"
"இடது."
எழுதிக்கொண்டாள்.
முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.
அடுத்ததில், அதற்கு அடுத்ததற்கு.

திரும்பும் வழியில் வேனில் முஸ்அப் கொதித்தான்:
"கடைசிவரை இவள் கேட்கவே இல்லை, மிஸ்!"
"கேட்டேன்," என்றாள் இப்திஹால்,
சிப்ஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து.

மடியில் மார்க் தாள்.
முதல் வரியில் கோரிக்கை: பெட்டி காலி.
சிவப்பு விளக்கில் பேனாவைத் திறந்தேன்.
பச்சை விழுந்தது. மூடினேன்.

பின் இருக்கையிலிருந்து தஹ்மீத்:
"அந்த ஒட்டகக்காரனுக்குக் கடைசியில் கிடைத்ததா, மிஸ்?"

யாருக்கும் தெரியவில்லை.
நான் ஜெராக்ஸ் எடுத்தது
முதல் இரண்டு பக்கம் மட்டும்தான்.