தூண் ஒட்டுகிறவன்

ஒரு தூணுக்கு இவ்வளவு என்று கூலி பேசினார்கள்.
தெர்மாகோல், மேலே பிளாஸ்டர்.
தூக்க இரண்டு பேர் போதும்;
காற்றடித்தால் மூன்று பேர், பிடித்துக்கொள்ள.

வர்தார் ஆற்றோரம் ஏழு மாடிக் காங்கிரீட்.
நிலநடுக்கத்துக்குப் பின் எழுப்பியது.
முகத்தில் ஒரு பூவேலை கிடையாது,
மழை வழிந்த கறைதான் உண்டு.
"அசிங்கம்" என்றார் அமைச்சகத்து ஆள்.
"மறைப்பது அதைவிட அசிங்கம்"
என்றார் பேராசிரியை வெசெலிங்கா.
இருவரும் கீழே.
நான் சாரத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தேன்.
டிரில் நிற்கும்போதெல்லாம்
அழகு என்ற சொல் மட்டும்
மூச்சு வாங்கி மேலே வந்தது.

நான்காம் மாடியில் ஸ்லாவ்யாங்கா ஜன்னலைத் திறந்தாள்.
"இது எதைத் தாங்கப்போகிறது?"
எதையும் இல்லை,
இதையே நான்தான் தாங்குகிறேன் என்றேன்.
"அப்படியானால் ஒரு முழம் தள்ளி வை.
நாலரை மணிக்கு என் தையல் மேசைக்கு வெயில் வரும்.
அதில்தான் ஊசி கோர்ப்பேன்."
வரைபடத்தில் அந்த ஒரு முழம் இல்லை.
வைத்தேன்,
வெயிலுக்கு நட்டநடுவே.

பிறகொரு கோடையில் ஊர்வலம், சாயப் பந்துகள்.
என் தூணில் பச்சை, ஊதா.
கழுவவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.
உள்ளதைச் சொன்னால்
கறையோடு நன்றாகத்தான் இருந்தது.
கழுவிவிட்டேன்.

இப்போது விரிசல். துண்டு உதிர்ந்து
யாரோ ஒருவரின் காரில் விழுந்ததாம்.
கழற்ற அதே கூலி.
உள்ளே ஒரு புறாக்கூடு, இரண்டு முட்டை,
என் பழைய சிகரெட் பெட்டி.
அதற்கும் பின்னால், வெயில் படாத சுவரில்
அச்சுப்பலகையின் ரேகை.
பலகை என்றோ அடுப்புக்குப் போயிருக்கும்;
மரத்தின் கணு மட்டும்
கண்ணைப்போல் காங்கிரீட்டில் விழித்திருந்தது.
விரலால் தடவிப் பார்த்தேன்.
அழகா என்று கேட்காதீர்கள்.
கணுவைச் சுற்றி
நான் போட்ட பன்னிரண்டு துளைகள்.

நாலரைக்கு வெயில் உள்ளே போனது.
மேசை அங்கே இல்லை.
எதிர்ச் சுவரோரம் ஒரு விளக்கு வாங்கி
அதனடியில் போட்டிருந்தாள்.
"பழகிவிட்டது" என்றாள்.
திரும்ப நகர்த்தித் தரட்டுமா என்றேன்.
அவள் என் தலைக்கவசத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.
"அது கிடக்கட்டும்.
இந்த முட்டைகளை
எங்கே வைக்கப்போகிறாய்?"